பழைய இரும்புக் கடையில் ஓர் ஆம்ப்ளிஃபயர்



"ஆம்ப்ளிஃபயர் என்றால் என்ன?" என்று வைவாவில் கேட்டால் நாம் எல்லோரும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவோம். "சரி தம்பி, நீ ஒண்ணாவது செஞ்சு பார்த்திருக்கியா?" என்று அடுத்த கேள்வி வந்தால்தான் தொண்டை அடைக்கும். எனக்கும் அடைத்தது. அந்த ரோஷத்தில்தான் சென்ற கோடை விடுமுறையில் பழைய சாமான்களைக் கொண்டு வீட்டுக்கு ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் செய்தேன்.

அதை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் சொல்கிறேன். செய்யும்போது நான் செய்த ஒரு பெரிய தவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன். முதலாவதை மறந்தாலும் பரவாயில்லை. இரண்டாவதைத் தயவு செய்து மறந்துவிடாதீர்கள்.

சாமான் எங்கே கிடைக்கும்?

இதற்காகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையே போதும். எங்கள் கோவில்பட்டியில் நான் போன கடையில் இரண்டு வகைச் சாமான்கள் மலை போலக் கிடந்தன.

ஒன்று, பழைய டி.வி. 2006இல் தொடங்கி 2011 வரை தமிழக அரசு வீடு வீடாக வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி நம்மில் பலர் வீட்டில் இருந்தது. நான் கார்ட்டூன் பார்த்து வளர்ந்ததே அதில்தான். தட்டை டி.வி. வந்ததும் அவையெல்லாம் எடைக்குப் போய்விட்டன.

இரண்டு, கம்ப்யூட்டரோடு வந்த ஸ்பீக்கர் செட். ஒரு பெரிய பெட்டி, இரண்டு குட்டிப் பெட்டி. "டூ பாயிண்ட் ஒன்" என்பார்கள். அந்தப் பெரிய பெட்டியின் முதுகைத் திறந்தால் அலுமினியத் தகட்டில் ஐந்து கால் ஐ.சி.க்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலும் டி.டி.ஏ. 2030 ஏ. நமக்கு வேண்டியது அதுதான்.

"அண்ணாச்சி, இது என்ன விலை?" என்றேன்.

"ஓடாது தம்பி."

"ஓடாததுதான் வேணும்."

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, 150 ரூபாய்க்கு ஸ்பீக்கர் செட்டையும், ஏற்கெனவே பிரித்துப் போட்டிருந்த டி.வி. போர்டு ஒன்றையும், கேஸ் கழற்றிய பழைய ஸ்டெபிலைசர் ஒன்றையும் தூக்கிக் கொடுத்தார். அந்த ஸ்டெபிலைசரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

ஒரு எச்சரிக்கை. முழு டி.வி.யை நீங்களாகத் திறக்காதீர்கள். ஓடும்போது பிக்சர் ட்யூபின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் ட்யூபே ஒரு கெப்பாசிட்டர் போல அதைப் பிடித்து வைத்திருக்கும். தனி போர்டிலும் 400 வோல்ட் போட்ட பெரிய கெப்பாசிட்டர் ஒன்று உண்டு. 230 வோல்ட் ஏ.சி.யை ரெக்டிஃபை செய்தால் உச்சம் 325 வோல்ட். அண்மையில் ஓடிய போர்டாக இருந்தால் அந்த வோல்ட்டேஜ் உள்ளே மிச்சம் இருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடாதீர்கள். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள வயர்களில் பற்றவைத்து, இரு முனையிலும் ஐந்து விநாடி பிடியுங்கள். பிறகு மீட்டரால் அளந்து, பூஜ்யம் என்று பார்த்த பின்பே கை வையுங்கள்.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது?

பழைய சாமானில் எல்லாமே கெட்டதும் இல்லை, எல்லாமே நல்லதும் இல்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்ட பட்டியல் இது.

தைரியமாக எடுக்கலாம்: ஹீட் சிங்க், ரெசிஸ்டர், பாலியெஸ்டர் கெப்பாசிட்டர், வால்யூம் கன்ட்ரோல், சாக்கெட், ஸ்பீக்கர், ஐ.சி. ஐ.சி.யைப் பழையதில் எடுப்பதில் ஒரு லாபமும் உண்டு. மேலே பெயர் மட்டும் அச்சடித்த போலி ஐ.சி.க்கள் கடைகளில் உலவுகின்றன. ஏற்கெனவே ஒரு பெட்டியில் ஓடிய ஐ.சி. ஓடிக்காட்டிய ஐ.சி. அல்லவா!

எடுக்கவே கூடாது: எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். அதன் உள்ளே இருக்கும் ஈரம் வருடங்கள் போகப்போகக் காய்ந்துவிடும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொது விதி. ஹீட் சிங்க் பக்கத்தில் பத்துப் பதினைந்து வருடம் வெந்த கெப்பாசிட்டரை எப்படி நம்புவது? தலை உப்பியிருந்தால் பார்த்தாலே தெரியும், உப்பாமலும் செத்திருக்கும். புதிது வாங்கிவிடுங்கள். மெயின்ஸ் வயர், ஃப்யூஸ் இவையும் புதிதாகத்தான் வேண்டும்.

ஸ்பீக்கரைச் சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தொட்டால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை போலக் காட்டும். எழுதியிருப்பது ஏ.சி. இம்பிடன்ஸ், நாம் அளப்பது டி.சி. ரெசிஸ்டன்ஸ். அதனால்தான் குறைகிறது. பிறகு ஒரு பென்சில் பேட்டரியைக் கணநேரம் தொடுங்கள். "டப்" என்று சத்தம் வந்து கோன் முன்னால் வந்தால், பேட்டரியின் பிளஸ் பட்ட முனையே ஸ்பீக்கரின் பிளஸ். "கரகர" என்றால் காயில் உரசுகிறது, திருப்பிப் போட்டுவிடுங்கள்.

எவ்வளவு பெருக்க வேண்டும்?

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், நம் முதலாமாண்டுக் கணக்குதான்.

8 ஓம் ஸ்பீக்கரில் 10 வாட் வேண்டும் என்று வையுங்கள். வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுப்பது. ஆக, 80இன் வர்க்கமூலம், சுமார் 9 வோல்ட் தேவை. செல்போனின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து நமக்கு நிச்சயமாகக் கிடைப்பது கால் வோல்ட், அரை வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 0.27 வோல்ட்டை 9 வோல்ட் ஆக்க 33 மடங்கு பெருக்க வேண்டும்.

டி.டி.ஏ. 2030 ஏயின் ஐந்து கால்கள் இவை: 1 பிளஸ் இன்புட், 2 மைனஸ் இன்புட், 3 மைனஸ் சப்ளை, 4 அவுட்புட், 5 பிளஸ் சப்ளை. லேபில் நாம் படித்த ஆப்-ஆம்புக்கு உடம்பு தேறியது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சேனலுக்கு வயரிங் இப்படி. வால்யூம் கன்ட்ரோலிலிருந்து 1 மைக்ரோ ஃபாரட் வழியாக 1ஆம் காலுக்கு. 1ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 22 கிலோ ஓம். 4ஆம் காலிலிருந்து 2ஆம் காலுக்கு இன்னொரு 22 கிலோ ஓம். நிறம் சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு. 2ஆம் காலிலிருந்து 680 ஓம், அதோடு தொடராக 22 மைக்ரோ ஃபாரட், பிறகு கிரவுண்டு. 680இன் நிறம் நீலம், சாம்பல், பழுப்பு. 4ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 ஓமும் 0.22 மைக்ரோ ஃபாரடும் தொடராக. இது இல்லாவிட்டால் ஐ.சி. காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் தானாகவே ஆடிச் சூடாகும். 3, 5ஆம் கால்களுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோ ஃபாரட் ஒவ்வொன்று, கிரவுண்டுக்கு. 4ஆம் காலிலிருந்து இரு சப்ளைக்கும் ஒவ்வொரு 1என்4001 டையோடு, ரிவர்ஸ் பயாஸில். அவ்வளவுதான்.

பெருக்கம் எவ்வளவு? 22,000ஐ 680ஆல் வகுத்து ஒன்று கூட்டுங்கள். 33.35. நமக்கு வேண்டியதும் அதுதானே!

இரண்டு ரெசிஸ்டர் செய்யும் மாயம்

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். ஐ.சி. பழையது. எந்த வருடம் செய்ததோ, எவ்வளவு வெந்ததோ தெரியாது. அப்படியிருக்கப் பெருக்கம் மட்டும் எப்படிச் சரியாக 33 ஆகும்?

இதற்கு விடை கண்டவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஹரால்டு பிளாக் என்ற இளம் பொறியாளர். தொலைதூரத் தொலைபேசிக் கம்பியில் வரிசையாகப் பல ஆம்ப்ளிஃபயர்கள் வேண்டும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் குரலைக் கெடுக்க, கடைசியில் கேட்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, படகில் ஹட்சன் நதியைக் கடந்து வேலைக்குப் போகும்போது அவருக்கு யோசனை பளிச்சிட்டது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் செய்தித்தாளிலேயே படம் வரைந்தாராம். வெளியே வரும் சிக்னலில் ஒரு சிறு பங்கை எடுத்து உள்ளே வருவதோடு ஒப்பிடு. வித்தியாசம் இருந்தால் அதை எதிர்த்துத் திருத்து. இதுதான் நெகட்டிவ் ஃபீட்பேக்.

நம் ஐ.சி. தன்னிச்சையாக விட்டால் பல ஆயிரம் மடங்கு பெருக்கும். அது ஐ.சி.க்கு ஐ.சி. மாறும், சூட்டுக்கும் மாறும். ஆனால் 22 கிலோ ஓமும் 680 ஓமும் சேர்ந்து வெளியே வருவதில் 33இல் ஒரு பங்கை எடுத்து 2ஆம் காலில் கொடுக்கின்றன. இரண்டு இன்புட்டும் சமமாகும் வரை ஐ.சி. தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். பெருக்கத்தைத் தீர்மானிப்பது ஐ.சி. இல்லை, இரண்டு ரெசிஸ்டர்கள். அவற்றை மீட்டரால் அளந்துவிட்டால் போதும். இரும்புக் கடைச் சாமானில் ஆம்ப்ளிஃபயர் செய்ய முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இந்த ஃபீட்பேக்தான்.

பவர் சப்ளை: நான் சறுக்கிய இடம்

நமக்கு வேண்டியது பிளஸ் 16, மைனஸ் 16 வோல்ட். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் போதும். 12ஐ 1.414ஆல் பெருக்கி ஒரு டையோடுக்கு 0.7 கழித்தால் 16.3 வோல்ட். லோடு இல்லாதபோது ஒன்றிரண்டு வோல்ட் கூடும். 2030 ஏ 22 வோல்ட் வரை தாங்கும். வெறும் 2030க்கு எல்லை 18தான், கவனம்.

அந்த ஸ்பீக்கர் செட்டிலேயே 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. ஆனால் பிரைமரி ஓபன். செட் செத்ததே அதனால்தான். புதிது வாங்க 400 ரூபாய். கையில் இல்லை. வீட்டில் கேட்கவும் மனம் வரவில்லை. அப்போதுதான் ஸ்டெபிலைசர் கண்ணில் பட்டது. அதற்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மூன்று மெல்லிய வயர்கள் ரிலே கார்டுக்குப் போயின. கரண்ட் கொடுத்து அளந்தேன். நடு வயருக்கு இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கம் 12! அடேங்கப்பா, தங்கப் புதையல் என்று குதித்தேன்.

நடு வயரைக் கிரவுண்டு ஆக்கினேன். கிரவுண்டைப் பழைய டி.வி.டி. பிளேயரின் தகரப் பெட்டியில் பற்றவைத்தேன். வீட்டில் கிடந்த இரண்டு பின் பிளக் வயரைப் போட்டேன். சுவிட்சைத் தட்டினேன். பாடியது! ஜாக்கிரதையானவன் என்ற நினைப்பில் டெஸ்டரைப் பெட்டியில் வைத்தும் பார்த்தேன். எரியவில்லை. பத்து நாள் ஜோராகப் பாடியது. அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்ததும், "போடுய்யா பாட்டை" என்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோராம் நாள் காலையில் தங்கச்சி செல்போனைச் சார்ஜ் போடுவதற்காக என் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு நல்ல பிள்ளையாகத் திரும்பச் சொருகி வைத்தாள். அம்மா ஷெல்ஃபைத் துடைக்க வந்தாள். வெறுங்கால், சிமெண்டுத் தரை. புறங்கை பெட்டியில் பட்டது. "அம்மாடீ" என்று ஒரு சத்தம். நான் ஓடிவந்து பார்த்தபோது அம்மா சுவரோரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெயின் சுவிட்சை அணைத்தேன். எனக்குக் கைகால் ஆடியது.

நல்லவேளை, புறங்கை. ஷாக் அடித்தால் கைத்தசைகள் சுருங்கி விரல்கள் உள்ளே மடங்கும். புறங்கை பட்டால் கை விலகும். உள்ளங்கையால் பிடித்திருந்தால் அது பெட்டியை இறுகப் பற்றியிருக்கும். இதை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

கொஞ்சம் தேறியதும் அம்மா திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏய்யா, நீ படிச்சவன்தான?"

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என்ன நடந்தது?

மாலையில் எல்லாவற்றையும் கழற்றி மீட்டரில் அளந்தேன். மெல்லிய வயருக்கும் பிளக் பின்னுக்கும் இடையே 2 ஓம்! ஸ்டெபிலைசரில் இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். அதில் பிரைமரி, செகண்டரி என்று தனித்தனிக் காயில் கிடையாது. ஒரே காயில், நடுநடுவே வயரை இழுத்து வெளியே விட்டிருப்பார்கள். ஸ்டெபிலைசரின் வேலைக்கு அது பொருத்தம்தான். என் வேலைக்கு அது விஷம்.

என் மூன்று வயர்களும் அந்த ஒரே காயிலின் ஒரு முனையில் 0, 12, 24 வோல்ட் புள்ளிகள். பிளக் ஒரு விதமாகச் சொருகியிருந்தபோது அந்த முனை நியூட்ரல். ஆகவே பெட்டி தரையிலிருந்து 12 வோல்ட்டில் மட்டுமே இருந்தது. டெஸ்டருக்குள் இருக்கும் நியான் எரிய அறுபது எழுபது வோல்ட்டாவது வேண்டும். 12 வோல்ட்டுக்கு அது எப்படி எரியும்? இரண்டு பின் பிளக்கைத் தலைகீழாகவும் சொருகலாம். தங்கச்சி சொருகியது அப்படி. அந்த முனை ஃபேஸ் ஆனது. பெட்டி, 230இல் 12 போக, 218 வோல்ட்!

இதில் வயரிங் கோளாறு ஏதுமில்லை. பாட்டு இரண்டு விதத்திலும் ஒரே மாதிரிதான் பாடும். காதுக்கு வித்தியாசமே தெரியாது. தொட்டவருக்குத்தான் தெரியும்.

வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின செமஸ்டர் பரீட்சையில் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரின் குறைபாடுகள் கேட்டிருந்தார்கள். "பிரைமரிக்கும் செகண்டரிக்கும் மின் தனிமை இல்லை" என்று முதல் பாயிண்டாக எழுதியவன் நான். அடிக்கோடு கூடப் போட்டேன். மார்க்கும் வந்தது. அந்த வரி என் கையில் இருந்த இரும்புத் துண்டைப் பற்றியது என்று மட்டும் தோன்றவே இல்லை. அம்மா கேட்ட கேள்விக்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

டிரான்ஸ்ஃபார்மரை எப்படிச் சோதிப்பது?

பழையதோ புதியதோ, கரண்ட் கொடுப்பதற்கு முன் இந்த நான்கையும் செய்யுங்கள்.

1. பிரைமரி இரு முனைகளுக்கிடையே ஓம் அளக்கவும். நம் அளவு டிரான்ஸ்ஃபார்மரில் சில பத்து ஓம் காட்டும்.

2. செகண்டரியில் ஒரு ஓமுக்குக் குறைவாகவே காட்டும்.

3. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே மீட்டர் ஒன்றுமே காட்டக் கூடாது. பிரைமரிக்கும் இரும்புக் கோருக்கும் இடையேயும் அப்படியே. சில ஓம் காட்டினால் அது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் அல்லது வெந்துபோனது. இரண்டும் வேண்டாம்.

4. மல்டிமீட்டரின் சின்ன பேட்டரிக்குத் தெரியாத கசிவு 500 வோல்ட் மெகருக்குத் தெரியும். எலெக்ட்ரிக்கல் லேபில் மெகர் இருக்கிறது. சாரிடம் கேட்டு ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். முள் இன்ஃபினிட்டி பக்கமே நிற்க வேண்டும்.

நான் ஒரு மாதம் சனி, ஞாயிறுகளில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் சால்டரிங் வேலை செய்து 400 ரூபாய் கொடுத்து 12-0-12, 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் புதிதாக வாங்கினேன். ஸ்டெபிலைசரை அண்ணாச்சியிடமே எடைக்குத் திருப்பிப் போட்டேன்.

கூடவே மூன்று பின் வயர். பச்சை வயரைத் தகரப் பெட்டியில் பெயிண்ட்டைச் சுரண்டி ஸ்க்ரூவில் முறுக்கினேன். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மற்ற இரண்டுக்கும் முன்னால் அது தொட வேண்டும், கடைசியாக அது விலக வேண்டும் என்பதற்காகத்தான். தலைகீழாகச் சொருகவும் முடியாது. பிரைமரியில் அரை ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃப்யூஸ். வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டு வீட்டு எர்த் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது! அதைச் சரிசெய்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட்டோம். ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இல்லையென்றால், அதாவது யார் உடம்பு வழியாவது தரைக்கு இறங்கினால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் அணைந்துவிடும். உங்கள் வீட்டில் இல்லையென்றால், ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

சூடும் ஹம்மும்

இனி மற்ற வேலை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு ஐ.சி. அதிகபட்சமாகச் சுமார் ஆறரை வாட் சூடாக வெளியிடும். இரண்டு சேர்ந்தால் 13 வாட். நம் ஊர் வெயிலில் இது சாதாரணமில்லை. ஸ்பீக்கர் செட்டின் ஹீட் சிங்க்கையே பயன்படுத்துங்கள். முக்கியம்: ஐ.சி.யின் உலோக முதுகு உள்ளே 3ஆம் காலோடு, அதாவது மைனஸ் 16 வோல்ட்டோடு, இணைந்திருக்கிறது. நடுவே மைக்கா தகடு, ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ், இரு பக்கமும் ஹீட் சிங்க் பேஸ்ட். மாட்டிய பின் முதுகுக்கும் அலுமினியத்துக்கும் மீட்டரில் "பீப்" வரக் கூடாது.

அடுத்து ஹம். நான் முதலில் மாட்டியபோது "ம்ம்ம்" என்று தேனீக் கூட்டம் போல ஒரு இரைச்சல். கெப்பாசிட்டர் பற்றவில்லை என்று நினைத்தேன். ஒவ்வொரு பக்கமும் 4700 மைக்ரோ ஃபாரட் போட்டிருந்தேன், அது போதும். குற்றவாளி ஒரு சாண் வயர். டையோடிலிருந்து கெப்பாசிட்டருக்குக் கரண்ட் விநாடிக்கு 100 முறை துடிப்புத் துடிப்பாகப் பாயும். ஒரு துடிப்பில் 3 ஆம்பியர் என்று வைத்தால், 10 மில்லி ஓம் வயரில் 30 மில்லி வோல்ட் விழும். இன்புட் கிரவுண்டை அதே வயரில் கட்டியிருந்தால் அந்த 30 மில்லி வோல்ட்டும் 33 மடங்கு பெருகி 1 வோல்ட் ஹம்மாக ஸ்பீக்கரில் வரும். மருந்து எளிது. இரண்டு கெப்பாசிட்டரின் நடுப்புள்ளியிலிருந்து ஒரு வயரை வெளியே எடுத்து, அதன் நுனியில் எல்லாக் கிரவுண்டையும் நட்சத்திரம் போலத் தனித்தனியே கட்டுங்கள். பெட்டிக்கும் அங்கிருந்து ஒரே ஒரு வயர். என் தேனீக்கள் அன்றே பறந்துவிட்டன.

முதல் முறை சுவிட்ச் போடும்போது

நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்த சீரீஸ் போர்டில் போடுங்கள். எங்கோ ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், உங்கள் ஐ.சி. பிழைக்கும். சரியாக இருந்தால் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். சீரீஸ் பல்பு சாமானைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது, கையை வைக்காதீர்கள்.

ஸ்பீக்கர் மாட்டும் முன் 4ஆம் காலில் டி.சி. அளக்கவும். 20, 30 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 16 வோல்ட் காட்டினால் எங்கோ தப்பு. அப்படியே ஸ்பீக்கரை மாட்டினால் காயிலில் 39 வாட் டி.சி. பாய்ந்து புகைதான் வரும்.

டி.வி. ஸ்பீக்கரை வெறுமனே வைத்துக் கேட்டால் சத்தம் சளசளவென்று இருக்கும். முன்னால் வரும் அலையும் பின்னால் வரும் அலையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நம் ஊர் வழக்கப்படி மண்பானை வாயில் பொருத்திப் பாருங்கள். பாஸ் எழுந்து நிற்கும்.

முடிவாக

செலவு: பழைய சாமான் 150, டிரான்ஸ்ஃபார்மர் 400, கெப்பாசிட்டர், ஃப்யூஸ், மைக்கா, வயர் எல்லாம் சேர்த்து 250. மொத்தம் 800 ரூபாய். ஆர்.சி.சி.பி. தனிக் கணக்கு. அதை ஆம்ப்ளிஃபயர் கணக்கில் சேர்க்காதீர்கள், அது உயிர்க் கணக்கு.

இரும்புக் கடைச் சாமானை மட்டம் என்று நினைக்க வேண்டாம். அது முன்பு என்னவாக இருந்தது என்று தெரியாமல் அதை மாட்டுவதுதான் ஆபத்து. ஓடுகிறது என்பதால் ஒரு சுற்று சரியாகிவிடாது. டெஸ்டர் எரியவில்லை என்பதால் பத்திரமும் ஆகிவிடாது. நாம் எழுதி மார்க் வாங்கிய ஒவ்வொரு பாயிண்டும் எங்கோ ஒரு வீட்டு ஷெல்ஃபில் உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கே அடையாளம் தெரிந்துகொள்வதுதான் படிப்பு என்று இப்போது எனக்குப் படுகிறது.

ஆம்ப்ளிஃபயர் இப்போதும் பாடுகிறது. அம்மா ரொம்ப நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நான் வெறுங்காலோடு நின்று பெட்டியில் கையை வைத்துக் காட்டிய பிறகும் தலையை மட்டும் ஆட்டினாள். போன பொங்கலன்று தானாகவே வந்து வால்யூமைத் திருகினாள். திருகுவதற்கு முன் புறங்கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இன்றுவரை அப்படித்தான். நான் அதைத் தடுப்பதில்லை. என்னைவிட அவளுக்குத்தான் பாடம் நன்றாக மனப்பாடம் ஆகியிருக்கிறது.

செய்ய நினைப்பவர்கள் கடைசி பீரியடுக்கு அப்புறம் லேப் பக்கம் வாருங்கள், போர்டைத் திறந்து காட்டுகிறேன். ஜூனியர்களுக்கு ஒரு நிபந்தனை: முதலில் டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டு வாருங்கள், மெகர் போட்டுப் பார்ப்போம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

— மூன்றாமாண்டு, மின்னணுவியல் பிரிவு